வெல்டிங் வைக்க மறுத்தவர்

செசிலி முதன்முதலாக அந்தப் பட்டறைக்குள் நுழைந்தபோது அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

தூத்துக்குடியில் உப்பளங்களை ஒட்டிப் போகும் சாலையில் இருந்தது வெயிலுமுத்துவின் பட்டறை. மீன் வேன், ஐஸ் வேன், உப்பு ஏற்றும் வண்டி எல்லாம் அடிப்பாகத்தில் கோளாறு என்றால் அங்கேதான் வரும். வில்பட்டை உடைந்திருக்கும், போல்ட் கழன்றிருக்கும், அதிக பாரத்தில் அச்சு வளைந்திருக்கும். எல்லாவற்றையும்விட அதிகம் வருவது துரு. மீன் பெட்டியிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். வெளியே பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருக்கும்.

செசிலியின் கணவன் இன்னாசியும் மீன் வேன்தான் ஓட்டினான். போன சித்திரையில் ஒரு மத்தியானம் மதுரைக்கு மீன் ஏற்றிக்கொண்டு கிளம்பியவன், அடியில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று இந்தப் பட்டறையில் நிறுத்தினான். இங்கிருந்தபடியே அவளுக்குப் போன் செய்தான்.

"சேஸிஸ் கிராக் விட்டிருக்காம். வெல்டிங் வைங்கன்னா அண்ணாச்சி வைக்க மாட்டேங்காரு. மீன் கெட்டுரும் செசிலி. நான் இப்படியே போயிருதேன்."

அதற்குப் பிறகு அவன் குரலை அவள் கேட்கவில்லை. ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது வண்டி நடுவில் முறிந்து, தடுப்புச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது.

முப்பதாம் நாள் நினைவுப் பூசை முடிந்த மறுநாள் அவள் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"ஏன் அண்ணாச்சி நீங்க வெல்டிங் வைக்கல?"

வெயிலுமுத்து வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"இன்னைக்கு நான் என்ன சொன்னாலும் சாக்குச் சொல்லுத மாதிரிதான் இருக்கும்மா."

"சாக்குன்னாலும் சொல்லுங்க."

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு, "வேலைக்கு வாரியா?" என்றார்.

அவளுக்கு அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பதில் வாங்காமல் இந்த மனிதனை விடக் கூடாது என்ற வைராக்கியமும் இருந்தது. மறுநாள் வந்தாள்.

முதல் வேலை, கம்பி பிரஷ்ஷால் பெயிண்டைச் சுரண்டுவது. கிராக் எப்போதும் பெயிண்டுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். அடுத்தது சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. நல்ல இரும்பு கணீரென்றது. செத்துப்போன இரும்பு சத்தமே போடாமல் அடியை வாங்கிக்கொண்டது. காது பழக நாளாயிற்று. யாரும் கேட்காமலேயே அவள் வெல்டிங்கும் பழகினாள். கையிலும் கழுத்திலும் பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகத் தழும்பு விழுந்தது.

வெயிலுமுத்து அதிகம் பேச மாட்டார். அவள் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், துருப்பிடித்த சேஸிஸ் துண்டு ஒன்றை அவள் முன்னால் போட்டார். அதில் ஒரு விரிசல் இருந்தது.

"அடைச்சிரு."

அவள் அடைத்தாள். மூட்டு அழகாக, வரிவரியாக வந்திருந்தது. ஆறியதும் பெரிய சுத்தியலை எடுத்துக் கொடுத்தார்.

"அடி."

ஓங்கி அடித்தாள். வெல்டிங் அப்படியே நின்றது. அதை ஒட்டியிருந்த இரும்பு பிளந்துகொண்டது.

"அதையும் அடைச்சிரு."

அடைத்தாள். அடித்தாள். இந்த முறை அதற்கும் பக்கத்தில் பிளந்தது.

அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெல்டிங் வைத்திருந்தாலும் இன்னாசி பாலத்தைத் தாண்டியிருக்க மாட்டான். அடைத்தாயிற்று என்ற தைரியத்தில் இன்னும் வேகமாகப் போயிருப்பான். அது அவளுக்கு விளங்கியது. ஆனால் கோபம் அடங்கவில்லை.

"சரி அண்ணாச்சி. வெல்டிங் வைக்கல. போக எதுக்கு விட்டீங்க?"

வெயிலுமுத்து கழிவுத் துணியில் கையைத் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கைய காலப் புடிச்சாவது நிறுத்தியிருக்கலாம்லா?" என்றாள். "ஒரு உசுரு அண்ணாச்சி."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாசி மாதம், வெயில் ஏறிய ஒரு நேரத்தில், மீன் லோடோடு ஒரு வேன் பட்டறை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பெயர் ஆத்தியப்பன். சொந்த வண்டி. முப்பது வயதுகூட இருக்காது.

"பள்ளத்துல எறங்கும்போது அடியில டக்குனு அடிக்கி அண்ணாச்சி. என்னன்னு பாருங்க."

வெயிலுமுத்து செசிலியைக் கைகாட்டினார். அவள் அடியில் போய்ப் படுத்தாள். பின் சக்கரத்துப் பட்டையைத் தாங்கும் இடத்துக்குப் பின்னால் பெயிண்டைச் சுரண்டினாள். விரிசல் ஒரு சாண் ஓடியிருந்தது. சுத்தியலால் தட்டினாள். சத்தமே வரவில்லை. ஐஸ் தண்ணீர் அவள் நெற்றியில் சொட்டியது.

வெளியே வந்ததும் வெயிலுமுத்துவைப் பார்த்தாள்.

"நீயே சொல்லு," என்றார் அவர்.

"சேஸிஸ் போயிருச்சு தம்பி. மாத்தணும்."

"மாத்தணுமா? எவ்வளவு ஆகும்?"

"வண்டி என்ன விலைக்குப் போகுமோ அதுல பாதி."

அவன் சிரித்தான். பிறகு அவள் விளையாடவில்லை என்று தெரிந்து முகம் மாறியது.

"இப்போதைக்கு ஒரு தகடு வச்சு அடைச்சு விடுங்க அக்கா. ஆயிரமோ ரெண்டாயிரமோ தந்துருதேன்."

"வச்சா பக்கத்துல பிளக்கும். வைக்க மாட்டோம். மீன எறக்கி வேற வண்டில ஏத்துங்க. நாங்களே வண்டிக்குச் சொல்லுதோம்."

"வேற வண்டிக்கு வாடகை குடுத்துட்டு நான் எதக் கொண்டு வீட்டுக்குப் போவேன்? எம் பொஞ்சாதி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில கெடக்கா."

அவன் வண்டியில் ஏறினான். செசிலி ஓடிப்போய் முன்னால் நின்று இரண்டு கையையும் வண்டிமேல் ஊன்றிக்கொண்டாள்.

"தம்பி, எம் புருஷனும் இதே எடத்துல இருந்துதான் போனாரு. இதே மாதிரி லோடு. இதே மாதிரி கிராக்கு. பாலத்துல வண்டி ரெண்டா முறிஞ்சு போச்சு. முகத்தக்கூட எனக்கு முழுசாக் காட்டல."

ஆத்தியப்பன் அவளையே பார்த்தான். அவன் கை சாவியிலிருந்து இறங்கியது. இறங்கிவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அப்போது அவன் போன் அடித்தது. மதுரை ஏஜெண்ட். மீன் எங்கே வருகிறது என்று அந்தப் பக்கம் போடுகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

"வந்துக்கிட்டே இருக்கேன்," என்றான் அவன்.

செசிலி கதவுப் பக்கம் பாய்ந்து சாவியைப் பிடித்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, வலிக்காமல், மெதுவாக விலக்கினான்.

"மெதுவாப் போயிருதேன் அக்கா. வழி விடுங்க."

திட்டியிருந்தால் அவள் நின்றிருப்பாள். அவன் அக்கா என்றான். அவள் கால்கள் தானாக ஒதுங்கின. வண்டி சாலையில் ஏறிப் போனது.

அவள் திரும்பினாள். வெயிலுமுத்து போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டிய நிறுத்தச் சொல்லி செக்போஸ்ட்டுக்குச் சொல்லியிருக்கேன். பாக்கோம்னாங்க."

"எல்லாத்தையும் சொன்னேன் அண்ணாச்சி," என்றாள். "எதையும் மறைக்கல. சாவியப் புடுங்கப் பாத்தேன். நான் இன்னும் என்ன செய்யணும்?"

அவர் பட்டறைக்குப் பின்னாலிருந்து பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏறு."

"எங்க?"

"அவன் பின்னால."

"போயி நாம என்ன செய்ய முடியும்?"

"ஒண்ணும் முடியாது."

அவள் ஏறி உட்கார்ந்தாள். பைக் கிளம்பியது. தார்ச் சாலையில் வேனிலிருந்து சொட்டிய தண்ணீர் கோடாகக் கிடந்தது. வெயிலில் அது காய்ந்துகொண்டே வந்தது.

"எது வரைக்கும் போவோம் அண்ணாச்சி?"

வெயிலுமுத்து திரும்பாமல் சொன்னார்.

"போன தடவ நான் அந்தப் பாலம் வரைக்கும் போனேன்."