சொல்லின் பிறந்த வீடு

முன்னொரு காலத்தில், மிளகு விளையும் ஒரு நாட்டின் ராஜாவுக்குப் புதுச் சொற்களின் மேல் ஆசை வந்தது. யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதன் பிறப்பைக் கேட்பார்.

ஒருநாள் மிளகு வாங்க வந்த வெள்ளைக்கார வியாபாரி, கடலோ வரியோ தம்மை 'டாண்ட்' செய்யாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அச்சுறுத்தி ஊக்கத்தைக் கெடுப்பது என்று அதற்குப் பொருள் சொன்னார் துபாஷி திருவேங்கடம். பிறமொழிப் பேச்சை ராஜாவுக்கு மொழிபெயர்ப்பது அவர் வேலை.

"சரி, அந்தச் சொல்லின் பிறந்த வீடு எது?" என்றார் ராஜா.

துபாஷிக்குத் தெரியவில்லை.

அவருக்கு வெகுநாளாக ஒரு வயிற்றெரிச்சல். ராஜா தம் கையால் தரும் முதல் வெற்றிலை விகடகவி குப்பாண்டிக்கே போகும். குப்பாண்டி பாடினால் துபாஷி சுருதி இல்லை என்பார். சபையைச் சிரிக்க வைத்தால் பழைய சரக்கு என்பார். இப்போது சமயம் வாய்த்தது.

"மகாராஜா, எல்லாம் தெரிந்த விகடகவி இருக்கையில் அடியேன் வாய் திறப்பது முறையல்ல. நாளை உச்சிப்பொழுதுக்குள் அவரே அந்த வீட்டைக் காட்டட்டும். முடியாவிட்டால் அவர் ஆசனம் அடியேனுக்கு."

ராஜா தலையசைத்துவிட்டார். குப்பாண்டிக்கோ ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது.

மறுநாள் அவன் எல்லாரையும் குதிரை லாயத்துக்கு அழைத்துப் போனான். வியாபாரியும் வந்திருந்தார். பழகாத கறுப்புக் குதிரை ஒன்று நாலு ஆட்களை இழுத்துக்கொண்டு துள்ளியது.

"இதுதான் மகாராஜா, பிறந்த வீடு."

துபாஷி வாய்விட்டுச் சிரித்தார். வியாபாரியோ குதிரையைக் காட்டி ஆமென்று தலையாட்டினார். பழைய லத்தீன் மொழியில் விலங்கைப் பழக்கி அடக்குவதற்கு இருந்த சொல்தான், நாளடைவில் மனிதர் மனத்தை அடக்குவதற்கும் வந்தது என்றார். அதையும் துபாஷியே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

எப்படித் தெரிந்தது என்று ராஜா கேட்டார்.

"வியாபாரியையே கேட்டேன் மகாராஜா. சொல்லைச் சொல்லி, பிள்ளையைத் தாலாட்டுவதுபோலவும் கையால் கூரை போடுவதுபோலவும் சைகை காட்டினேன். இங்கே இழுத்து வந்துவிட்டார். துபாஷியாரும் கேட்டிருக்கலாம். கேட்டால் தமக்குத் தெரியாதென்பது தெரிந்துவிடுமே."

ராஜா சிரித்து, முதல் வெற்றிலையோடு அந்தக் குதிரையையும் அவனுக்கே கொடுத்தார். குதிரை ஓர் உதை விட்டது. குப்பாண்டி பின்வாங்கினான்.

"மகாராஜா, நான் டாண்ட் ஆகிவிட்டேன். பத்து வருஷமாக என்னை அடக்கிப் பார்த்தவர் துபாஷியார். இதையும் அவரே அடக்கித் தரட்டும்."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்து, அப்படியே ஆகட்டும் என்றார்.

திருவேங்கடம் கயிற்றை வாங்கிக்கொண்டார். அப்போதும் அவர் கண் குதிரையின் மேல் இல்லை. குப்பாண்டி மென்றுகொண்டிருந்த வெற்றிலையின் மேலேயே இருந்தது.