நல்ல சுஷி எங்கே கிடைக்கும்

“சென்செய், சூரிக்கில் நல்ல சுஷி எங்கே கிடைக்கும்?”

சிவகடாட்சம் இதைக் கேட்டபோது ஃபுமியே சுடுசோற்றை விசிறி ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு சுஷிக் கடைக்காரியிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? அதுவும் தனக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பவரிடம். ஃபுமியே வயதில் சிவகடாட்சத்துக்கு இளையவர். ஆனாலும் ஜப்பானிய வழக்கப்படி சென்செய், அதாவது ஆசிரியரே, என்றுதான் அழைப்பார். இருவரும் பேசுவது ஜெர்மன் மொழியில்.

ஃபுமியே கோபித்துக்கொள்ளவில்லை. யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார்.

மகளுக்காக.

அபிராவுக்குப் பதினேழு வயது. பெற்றோர் பிரிந்தபிறகு தாயோடு பேர்ண் நகரில் இருக்கிறாள். சனிக்கிழமைதோறும் ரயிலேறி அப்பாவைப் பார்க்க வருவாள். ஃபுமியேயின் கடை சனி, ஞாயிறில் பூட்டியிருக்கும். அதனால் சிவகடாட்சம் அவளை ஊரிலுள்ள மற்ற ஜப்பானியக் கடைகளுக்குக் கூட்டிப்போவார். மகளுக்கு ஜப்பான் சாப்பாடு என்றால் உயிர் என்பார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைபார்க்கும் மனிதர், ஞாயிறுகளில் இங்கே வந்து சுஷி பழகுவதும் அவளுக்காகத்தான்.

நேற்று ரயில் ஏறும்போது அபிரா, இனி எல்லாச் சனியும் வர முடியாது என்று சொல்லிவிட்டாள்.

காரணம் கேட்டதற்குப் படிப்பு என்றாள். அவர் நம்பவில்லை.

“நான் கூட்டிப்போன கடைகள் அப்படி” என்றார்.

ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். ஏரிக்கரைக் கடையில் சோறு சில்லிட்டுப் போயிருந்தது. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் சோற்றில் வினாகிரிப் புளிப்பு தூக்கல். ஆற்றுப் பாலத்தடிக் கடைக்காரனுக்கு மீனின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாது. நேற்றுப் போன இடத்திலோ கத்திக்குச் சாணை பிடித்து எத்தனை காலமோ. பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டு அதைச் சொல்லியும்விட்டார்.

ஃபுமியே கேட்டுக்கொண்டே கையை நனைத்தார். கொஞ்சம் சோறு எடுத்துப் பிடித்தார். மேலே பச்சைமீன் துண்டை வைத்து, இரண்டு விரலால் அழுத்தி, பலகையில் அவர் முன்னால் வைத்தார். வைத்ததைச் சற்றே இடப்பக்கமாகத் திருப்பிவிட்டார்.

சிவகடாட்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கை தானாக அதில் போய்ப் பொருந்தியது.

“ஏன் திருப்பி வைத்தீர்கள்?”

“நீங்கள் இடக்கைக்காரர்.”

அதை அவரிடம் சொன்னதாக சிவகடாட்சத்துக்கு நினைவில்லை.

“மகள் என்ன சாப்பிட்டாள்?” என்று கேட்டார் ஃபுமியே.

“சுஷிதான்.”

“எது?”

சிவகடாட்சம் வாயைத் திறந்தார். ஏரிக்கரைக் கடையின் சோறு நாக்கில் வந்தது. ஸ்டேஷன் கடையின் புளிப்பு வந்தது. பாலத்தடிக் கடையில் மீன் துண்டு எப்படிப் பிசிறியிருந்தது என்பதுகூடக் கண்ணில் நின்றது.

மேசையின் மறுபக்கத்தில், மகளின் தட்டில், ஒன்றுமே தெரியவில்லை.

ஃபுமியே பலகையைத் துடைத்தார். ஈரத்துணியைச் சோற்றின்மேல் போர்த்திவிட்டு, கத்தியைக் கழுவ உள்ளே போய்விட்டார்.

சிவகடாட்சம் கையைத் துடைத்தார். பிறகு போனை எடுத்தார்.

வழக்கமில்லாத நேரத்து அழைப்பு. எடுத்த அபிராவின் குரலில் பயம் இருந்தது. ஒன்றுமில்லை, சும்மாதான் என்று சமாதானம் சொன்னார்.

“பிள்ளை, நேற்று நீ என்ன சாப்பிட்டனி?”



“சோறு” என்றாள் அபிரா. “எனக்குப் பச்சைமீன் சாப்பிட ஏலாது, அப்பா. ஒவ்வொரு முறையும் அதை எடுத்து உங்கட தட்டிலதானே வைக்கிறனான்.”