ஒரு கூடை மண்ணும் கூடாது

முன்னொரு காலத்தில், இன்று யாருக்கும் பெயர் நினைவில்லாத ஒரு ராச்சியத்தில், ஓர் அரசருக்குத் தெப்பத் திருவிழா நடத்தும் ஆசை வந்தது. ஊருக்கு வெளியே பெரிய ஏரி இருந்தது. கார்த்திகை முழுநிலவில் அது நிரம்பித் தளும்ப வேண்டும், வடகரையில் புதிதாக எழும்பும் மேட்டில் தாம் அமர்ந்து தெப்பம் பார்க்க வேண்டும் என்று அரசர் சொன்னார். பிரதானி அனந்தப்பர் பட்டுத்துணியில் அந்தக் கரையை எழுதிக் கொண்டுவந்து கொலுமண்டபத்தில் தொங்கவிட்டார். தாமரை, வாத்து, கரைமேல் குடை எல்லாம் அதில் இருந்தன. மூன்று மாதம் போயிற்று. பட்டில் இருந்த கரை தரையில் முழங்கால் உயரம்கூட எழும்பவில்லை.

"ஏன் எழும்பவில்லை?" என்று அரசர் கேட்டார்.

அனந்தப்பர் கைகட்டி நின்றார். "பிரபு, திட்டத்தில் குறையில்லை. மண் வெட்டுகிறவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். அவர்களைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர் ஒருவர் நம் சபையில் இருக்கிறாரே. விகடர் திருமேனியை அனுப்பினால் என்ன?"

திருமேனிமேல் பிரதானிக்குப் பல வருடத்துப் புகைச்சல். அரசர் தம் யோசனையைக் கேட்டுக் கொட்டாவி விடுவதும், திருமேனி வாயைத் திறந்ததும் நிமிர்ந்து உட்காருவதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"முப்பது நாள்," என்றார் அரசர். "கரை எழும்பாவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டியது."

"இன்னொன்று, பிரபு," என்றார் அனந்தப்பர். "குறித்த இடம் தவிர வேறெங்கும் ஒரு கூடை மண்ணும் கொட்டக் கூடாது என்று ஆணையிட வேண்டும். மீறினால் கொட்டிய கையை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆட்கள் கண்ட இடத்தில் கொட்டிவிட்டுக் கணக்குக் காட்டுவார்கள்."

அப்படியே ஆணை பிறந்தது.

திருமேனிக்கு ஐம்பத்து மூன்று வயது. இடுப்புவலிக்காரர். ஏரிக்குப் போன முதல் நாள், முந்நூறு பேர் நடுவில் நின்று தமக்குத் தெரிந்ததிலேயே நல்ல விகடத்தைச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாவது ஒன்று சொன்னார். ஒரு கிழவர் இருமினார். அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவருக்கே தம் பேச்சைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. வீட்டில் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். அவர் தடுக்கவில்லை.

ஐந்தாம் நாள், கூடையைச் சுமந்து மெதுவாக நடந்துபோன ஒரு பெண்ணிடம் கேட்டார். அவள் பெயர் சடைச்சி. ஏரிக்குத் தெற்கே தாழ்ந்த பூமியில் இருக்கும் தாழையூர்க்காரி.

"ஏனம்மா, மழைக்கு முன்னால் கரை எழும்ப வேண்டாமா?"

"எழும்பட்டுமே ஐயா."

"எழும்பினால் உங்களுக்கும் நல்லதுதானே?"

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "இங்கே இருந்த பழைய கரை உடைஞ்சதே இல்லைய்யா. உடையறது அங்கே." தெற்கு மூலையைக் காட்டினாள். "போன வருசம் அங்கேதான் உடைஞ்சுது. பத்தொன்பது பேரைக் கொண்டுபோச்சு. எங்க வீட்டுக்காரரும் அதுல ஒருத்தர். வைக்கோலையும் மணலையும் போட்டு அடைச்சுட்டுப் போயிட்டாங்க. ராசா உட்காரறதுக்கு நாங்க இங்கே மேடு கட்டறோம். எந்தக் கையால வேகமாக் கட்டச் சொல்றீங்க?"

"இதை யாரிடமாவது சொன்னீர்களா?"

"யாரும் கேக்கலையே."

திருமேனி தெற்கு மூலைக்கு நடந்தார். கரையின் வெளிப்பக்கம் நண்டு வளைகள். காலை வைத்த இடம் சொதசொதவென்று உள்ளே போயிற்று. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இதைச் சரி செய்தால் கை போகும், செய்யாவிட்டால் ஊர் போகும். இருபத்தைந்து வருடம் வார்த்தையைப் புரட்டிப் பிழைத்தவர் அவர். ஆணையின் வார்த்தைகளை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் சடைச்சியையும் இன்னும் பத்துப் பேரையும் அழைத்து உட்கார வைத்தார். "எனக்கு மண் தெரியாது. இந்த மூலையை எப்படிப் பலப்படுத்துவது என்று நீங்கள் சொல்லுங்கள்," என்றார்.

ஒருவர் களிமண் எங்கே கிடைக்கும் என்றார். வளைகளைத் தோண்டி அடைக்காமல் மேலே மண் போட்டால் வீண் என்றார் இன்னொருவர். ஒரு விரல்கனத்துக்கு ஒருதரம் நனைத்து இடிக்க வேண்டும் என்றாள் சடைச்சி. யார் வெட்டுவது, யார் சுமப்பது, யார் இடிப்பது, எந்தத் தெருவுக்கு எத்தனை முழம் என்று அவர்களே பேசி முடித்தார்கள். காலையில் ஆணைப்படி வடகரை, உச்சிப்பொழுதுக்கு மேல் தென்மூலை என்றார் திருமேனி.

"கை போயிடுமே ஐயா," என்றார் ஒருவர்.

"கூடையைத் தொடாதீர்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றார். அவர் குரலில் தைரியம் இருந்தது. உள்ளே இல்லை.

அன்று முதல் தென்மூலைக்கு மண் மடியில் போயிற்று. முந்தானையில், தலைத்துண்டில், முறத்தில், உடைந்த பானையில் போயிற்று. வேலைக்குப் பெயர் கொடுக்காத பெண்களும் வந்தார்கள். ஒருவர் தளர்ந்தால் மற்றவர்கள் திட்டினார்கள். திருமேனி தம் அங்கவஸ்திரத்தில் அள்ளிப்போட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்போதும் யாரும் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார்கள்.

இருபதாம் நாள் அனந்தப்பர் அரசரைப் பல்லக்கில் தென்மூலைக்கே அழைத்து வந்துவிட்டார்.

"பாருங்கள் பிரபு. ஆணை மீறப்பட்டிருக்கிறது."

அரசர் முகம் கறுத்தது. "திருமேனி, ஒரு கூடை மண்ணும் கொட்டக் கூடாது என்றோம்."

"கொட்டவில்லை அரசே. இங்கே ஒரு கூடையை எடுத்துக் காட்டப் பிரதானியாருக்குக் கட்டளையிடுங்கள்."

சேவகர்கள் தேடினார்கள். கூடைகள் எல்லாம் வடகரையில் அடுக்கி இருந்தன. இங்கே மடியும் முறமும் பானையும்தான். அரசர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சேறு அப்பிய அங்கவஸ்திரத்தோடு நிற்கும் திருமேனியைப் பார்த்தார். பல்லக்கு ஆடும்படி சிரித்தார்.

"பிழைத்துப் போ. இனிமேல் கூடையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

திருமேனி பல்லக்கின் கம்பைப் பிடித்துக்கொண்டார். "அரசே, வடகரையில் பழைய கரையை வெட்டிவிட்டுப் போட்ட மண்ணை நனைத்து இடிக்கவில்லை. உயரத்தைத்தான் கோல் வைத்து அளக்கிறார்கள். அது நிற்காது."

"இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது பிரபு," என்றார் அனந்தப்பர். "உயரம் முக்கியம்."

பல்லக்கு நகர்ந்துவிட்டது.

இருபத்தெட்டாம் நாள் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. தாழையூர் முழுவதும் தென்மூலையில் நின்றது. தண்ணீர் ஏறி ஏறி வந்து கரையை முட்டியது. சடைச்சி கரையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கசியவில்லை. ஒரு சொட்டு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வடகரை சரிந்தது. தாமரையும் குடையும் எழுதிய அந்தக் கரை உப்புக்கட்டி மாதிரி கரைந்து உட்கார்ந்தது. ஏரி முழுவதும் வடக்கே முள்காட்டுக்குள் ஓடி மறைந்தது. யாரும் சாகவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் சேறும் துடிக்கிற மீனும்தான் மிச்சம். மழை அத்தோடு நின்றுபோயிற்று. அந்த வருடம் ஒரு கட்டு நாற்று நட வழியில்லை.

சபையில் அனந்தப்பர், ஆட்களின் அசட்டையே காரணம் என்றார். புதிய பட்டுத்துணியும் கொண்டுவந்திருந்தார். இந்தத் தடவை மேட்டின்மேல் மயில்கள் இருந்தன. அரசர் அதை ரசித்துவிட்டுத் திருமேனி பக்கம் திரும்பினார்.

"கூடை விகடத்தை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. நீ கட்டிய மூலையும் நின்றதாமே. என்ன வேண்டும், கேள்."

திருமேனி எழுந்தார். "அரசே, அடுத்த கரையைப் பட்டில் எழுதுவதற்கு முன்னால், மண் சுமக்கிறவர்களை அழைத்து, எங்கே கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்று தாங்கள் ஒருநாள் கேட்க வேண்டும். அவ்வளவுதான்."

அரசர் சிரிக்க ஆரம்பித்தார். தொடையைத் தட்டிச் சிரித்தார். "மண் சுமக்கிறவளைக் கூப்பிட்டுச் சிங்காசனத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்து ஆலோசனையா," என்று சொல்லிச் சொல்லிக் கண்ணீர் வரச் சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது. அனந்தப்பர்கூடச் சிரித்தார். அரசர் இறங்கி வந்து, இதுவரை நீ சொன்னதிலேயே இதுதான் சிறந்தது என்று, தம் தோளில் இருந்த சரிகைப் பொன்னாடையைத் திருமேனிக்குப் போர்த்தினார். திருமேனி எப்போதும் வணங்குவதுபோலக் குனிந்து வணங்கினார்.

வெளியே கோட்டை வாசலில் சடைச்சி காத்திருந்தாள்.

"கேட்டீங்களா ஐயா?"

"கேட்டேன்."

"ராசா என்ன சொன்னாரு?"

"சிரித்தார்."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பதினோரு குடும்பம் பிழைப்புத் தேடிக் கிளம்பியாச்சு," என்றாள். "வெயில் ஏறுமுன்னே நாங்களும் நடக்கணும்."

திருமேனி அவர்களோடு ஊர் எல்லைவரை நடந்தார். பொன்னாடையைக் கழற்ற அவருக்கு ஞாபகமே வரவில்லை.