ராணியைத் தூங்க வெச்ச மரிக்கொழுந்து

ஒரு ஊர்ல, கோட்டை வாசல் ஓரமா, அங்காயின்னு ஒரு பூக்காரி கடை போட்டிருந்தா. "ம்" சொல்லிக்கிட்டே வா, கண்ணு. ம். அவ புருஷன் பேரு மொக்கையன். அவ பூத் தொடுப்பா, அவன் தண்ணி தெளிப்பான்.

அந்த வருஷம் மழையே வரல. மல்லி கருகிச்சு, முல்லை கருகிச்சு, கூடை காலி. ஆனாலும் அங்காயி தினமும் கடையில போய் உக்காந்துடுவா.

அப்போ அரண்மனையில ராணிக்கு வயித்துல பாப்பா. பாவம், தூக்கமே வரல. புரண்டு புரண்டு படுக்குறா, கட்டில் கிறீச் கிறீச்சுங்குது. நல்ல வாசனை இருந்தா தூக்கம் வரும்னு மருத்துவச்சி சொன்னா. உடனே ராஜா தன் காவல்காரரை அனுப்பினார். அவர் பேரு ரத்தன்சிங். வடக்கேயிருந்து புதுசா வந்தவர், நம்ம பேச்சு அரைகுறை. டக் டக் டக்னு குதிரையில வந்து இறங்கினார்.

"ஏம்மா, பூ இருக்குதா?"

"நிறைஞ்சிருக்குங்க சாமி"ன்னா அங்காயி.

சிரிக்காதே. நம்ம வீட்டுல உப்பு தீந்துபோனா "இல்ல"ன்னா சொல்லுவோம்? "நிறைஞ்சிருக்கு"ன்னுதானே சொல்லுவோம். பூவும் அப்படித்தான். மங்கலமான பொருளை இல்லேன்னு சொல்லக் கூடாது. ரத்தன்சிங்குக்கு அது எப்படித் தெரியும்? வெறுங்கையோட நேரே போய், "பூ நிறைய இருக்குது மகாராஜா"ன்னுட்டார். நிறைஞ்சிருக்குன்னு சொல்லியிருந்தா ராஜாவுக்குப் புரிஞ்சிருக்கும். நிறைய இருக்குன்னா?

ராஜாவுக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. "நிறைய வெச்சுக்கிட்டு அரண்மனைக்கு ஒரு முழம்கூடத் தரலையா? மூணு சாயங்காலம் பாப்பேன். அதுக்குள்ள ராணியைத் தூங்க வெக்கலேன்னா, அவ இனி கோட்டை வாசல்ல கடையே போடக் கூடாது!"

சேதி கேட்டு அங்காயி காலிக் கூடையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. அவளுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வேலைதானே?

"போய், பூ இல்லேன்னு சொல்லிட்டு வாயேன்"ன்னான் மொக்கையன்.

"பூக்காரி வாயால அந்தச் சொல்லைச் சொன்னா கூடையே காய்ஞ்சுடும்னு எங்க ஆத்தா சொல்லுவா. நீ போய்ச் சொல்லு."

"நான் பூக்காரி புருஷன்ல? எனக்கும் வராது."

அப்புறம் என்ன, தேடினாங்க. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல, அழுக்குத் தண்ணி குடிச்சு ஒரே ஒரு மல்லிச் செடி பிழைச்சிருந்துச்சு. மொட்டைப் பறிச்சு, நெருக்கமாத் தொடுத்துக் கொண்டுபோனா. மொட்டு விரிய விரிய, அறை பூரா கும்முனு ஆயிடுச்சு. "ஐயோ, தலை வலிக்குதே!"ன்னா ராணி. விடியறதுக்குள்ள சரம் கறுத்துத் தொங்கிடுச்சு.

ம்.

ரெண்டாம் நாள் மொக்கையன் ஆத்தங்கரைத் தாழம்புதருக்குள்ள புகுந்தான். சர்ரு சர்ருனு முள்ளு கிழிச்சுது. வீட்டுக்கு வந்தவனைப் பாத்து, "பூப் பறிச்சியா, பூனைகிட்ட சண்டை போட்டியா?"ன்னா அங்காயி. தாழம்பூவைக் கொண்டுபோய் வெச்சாங்க. ராணி மோந்து பாத்தா. அச்சு! அச்சு! மகரந்தம் மூக்குல ஏறிடுச்சு. எங்கே தூங்குறது?

மூணாம் நாள் எங்கே தேடியும் ஒரு பூக்கூட இல்ல. ராஜா கால்லயாவது விழலாம்னு, நல்ல சீலையா ஒண்ணு எடுக்க அங்காயி பெட்டியைத் திறந்தா. கம்முனு ஒரு மணம்! என்னன்னு பாத்தா, மார்கழியில சீலை மடிப்புல வெச்ச மரிக்கொழுந்து. தொட்டா நொறுநொறுங்குது, மணம் மட்டும் அப்படியே இருக்கு.

என்ன கேட்டே? நம்ம லாவண்டர் சோப்பு மாதிரியான்னா? அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வெச்சுக்கோயேன்.

"அது பூ இல்ல, தழை. அதுவும் சருகு"ன்னான் மொக்கையன்.

"மோந்து பாரு."

மோந்தான். "ம்ம்ம்…"ன்னு கண்ணை மூடி, சுவத்துல சாஞ்சுட்டான்.

"ஏய், நீ தூங்காதே! கூடையை எடு!"

சருகை வெள்ளைத் துணியில சின்ன முடிச்சாக் கட்டி எடுத்துக்கிட்டு ஓடினாங்க. முடிச்சை மருத்துவச்சி வாங்கி உள்ளே கொண்டுபோனா. அப்போ வாசல்ல ராஜா நிறுத்தினார். "பூ எங்கே?"

அங்காயி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. "பூ இல்ல, சாமி."

"நிறைய இருக்குதுன்னாங்களே!"ன்னு பதறினார் ரத்தன்சிங்.

"நிறைஞ்சிருக்குன்னு சொன்னேன், சாமி."

ராஜா பட்டுனு நெத்தியில அடிச்சுக்கிட்டார். "அடடா! நிறைஞ்சிருக்கா! அதை முதல்லயே…"

"உஷ்!" உள்ளேயிருந்து மருத்துவச்சி கை காட்டினா.

எட்டிப் பாத்தா, ராணி முடிச்சைக் கன்னத்துக்குக் கீழே வெச்சுக்கிட்டு, பாதித் தூக்கத்துல முணுமுணுக்குறா. "மல்லி கத்திக் கூப்பிட்டுச்சு… தாழம்பூ தலையில குட்டுச்சு… இது சும்மா பக்கத்துல வந்து உக்காந்துக்குது…" அவ்வளவுதான். கொர்ர்ர்.

ராஜா மூச்சுக்கூட விடல. கூடையைக் காட்டினார், கோட்டை வாசலைக் காட்டினார், தலையைத் தலையை ஆட்டினார்.

"கடையை எடுத்துடணுமா சாமி?"ன்னு அங்காயி சத்தமாக் கேட்டுட்டா.

"உஷ்ஷ்ஷ்!" எல்லாரும்.

ராஜா குனிஞ்சு அவ காதுக்குள்ள சொன்னார். "போடு தாயி, கடையைப் போடு. தினமும் சாயங்காலம் இதையே கொண்டு வா. ஆனா, இது வாடிப் போயிடாதா?"

"வாடுறதெல்லாம் முன்னாடியே வாடியாச்சு சாமி. இனிமே மணக்கிறது ஒண்ணுதான் அதுக்கு வேலை."

ராஜாவுக்கு ஆ…வ்னு கொட்டாவி வந்துச்சு. அப்புறம் ரத்தன்சிங்குக்கு வந்துச்சு. அப்புறம் வெளியில நின்ன குதிரைக்கு. மொக்கையன் நின்ன இடத்துலயே ஆடினான். அவன் கையைப் பிடிச்சு, மெத்து மெத்துன்னு அடி வெச்சு, வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா அங்காயி.

கதைக்குப் போர்வை போத்தியாச்சு. நீயும் கண்ணை மூடு, தங்கம்.