சொர்ணம் வந்தாச்சு

"ஒரே ஒரு பாட்டு போதும், இந்த ஊரு..."

அதற்கு மேல் தில்லைநாயகத்துக்கு ஞாபகம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில், மில் வாசலில் ஒரு சங்கத்துப் பெரியவர் பேசியது. சரியாக அந்த இடத்தில் மைக் கரகரத்து நின்றுபோனது. அது உயிர்பெற்று வருவதற்குள் பெரியவர் கூலி உயர்வுக்குப் போய்விட்டார்.

"மாறிடும்னு சொன்னாரா, மாறாதுன்னு சொன்னாராம்மா?"

"தூங்கிடும்னுகூடச் சொல்லியிருக்கலாம்" என்றார் குருவம்மாள்.

குருவம்மாள் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர். ஊர்க்காரர்கள் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். சந்தேகங்களோடு மலையடிவாரத்தில் இருந்த அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அவரும் பூண்டு உரித்துக்கொண்டே பதில் சொல்லப் பழகிவிட்டார்.

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு நாற்பத்தொன்பது. அதனால் குருவம்மாள் தில்லைநாயகத்தை அண்ணாச்சி என்பார். இவர் அவரை அம்மா என்பார்.

"விளையாடாதீங்கம்மா. இவ்வளவு காலமா எழுதறேன். ஒரு ஈ காக்கா மாறலை. இன்னைக்கு நீங்க சொல்றதை வச்சுத்தான் எழுதறதா, விட்டுடறதான்னு முடிவு பண்ணப்போறேன்."

"கடைசியா என்ன எழுதினீங்க?"

"எங்க தெருவுல குப்பை அள்ள வர்ற அம்மாவைப் பத்தி. எல்லா வீட்டுலயும் 'ஏ குப்பை, நில்லு'ன்னுதான் கூப்பிடறாங்க. குப்பையைப் போடறது இவங்க. அந்தப் பேரு அவங்களுக்கு. மனசு கொதிச்சுப்போய் பன்னிரண்டு பத்தி எழுதினேன். பரிசு கொடுத்தாங்க. சால்வை போட்டாங்க."

"யாரெல்லாம் கேட்டாங்க?"

"மண்டபம் நிறையக் கவிஞர்கள்."

"கேட்டுட்டு என்ன சொன்னாங்க?"

"'அடுத்தது நான்தானே'ன்னு சொன்னாங்க."

குருவம்மாள் ஒரு பூண்டுப் பல்லை முறத்தில் போட்டார்.

"சொர்ணம் என்ன சொன்னாங்க?"

"எந்தச் சொர்ணம்?"

"நீங்க கவிதை எழுதின ஆளு."

"அவங்க பேரு சொர்ணமா?" என்றார் தில்லைநாயகம்.

குருவம்மாள் எழுந்து உள்ளே போய்க் குப்பை வாளியைக் கொண்டுவந்தார். வாழைக்காய்த் தோலும் ஊறிய தேயிலையும் அதில் நிறைந்திருந்தன. சீடரின் கையில் கொடுத்தார்.

"இதைத் தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போங்க. போகும்போதே உங்க கவிதையைச் சொல்லுங்க."

"'அழுக்கின் அரியணையில் அமர்ந்திருக்கும் அன்னையே...'"

வாசல் வந்துவிட்டது. அன்னை இன்னும் அரியணையை விட்டு இறங்கவில்லை.

"இன்னும் பதினொண்ணேமுக்கால் பத்தி இருக்கும்மா."

"அதுக்குள்ள குப்பை வண்டி போயிடுச்சு அண்ணாச்சி."

அந்த வாரம் முழுக்கத் தில்லைநாயகம் வாளியோடு நடந்தார். குப்பை கொட்டக் கணவர் எழுந்ததைப் பார்த்து அவர் மனைவி முதலில் சந்தோஷப்பட்டார். அதே வாளியோடு அடுப்படிக்கும் வாசலுக்குமாகத் திரும்பத் திரும்பப் போய்வந்ததும் கவலைப்பட ஆரம்பித்தார்.

பாட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. அரியணை போனது. அன்னை போனாள். கடைசியில் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் அடங்குகிற அளவுக்கு வந்தது.

அதை எடுத்துக்கொண்டு சொர்ணத்திடம் போனார்.

"எம்பேரைப் பாட்டுல வைக்கப்போறீங்களா? எதுக்குய்யா?"

"கூப்பிடறதுக்கு."

சொர்ணம் கையுறையைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"வைங்க. என் வீட்டுக்காரரே 'ஏ இவளே'ன்னுதான் கூப்பிடுவாரு. அவருக்கும் ஒரு நாள் போட்டுக் காட்டணும்."

துப்புரவு மேஸ்திரி மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். ஈரக் குப்பை, காய்ந்த குப்பை இரண்டும் பாட்டில் வந்தாகவேண்டும். இல்லாவிட்டால் மேலிடத்தில் கேள்வி வரும்.

பேட்டரி வண்டியின் ஒலிபெருக்கியில் பென்டிரைவைச் சொருகினார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாடிக் கொடுத்த பாட்டு தெருவுக்குள் வந்தது.

*சொர்ணம் வந்தாச்சு, தெருவுக்குச்*
*சொர்ணம் வந்தாச்சு!*
*ஈரம் ஒரு கையில, காய்ஞ்சது ஒரு கையில,*
*எடுத்துட்டு வாங்க, வாசல்ல*
*சொர்ணம் நின்னாச்சு!*

முதலில் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். குழந்தைகளிடமிருந்து அம்மாக்களுக்கு ஒட்டியது. பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு வங்கி மேலாளர் பிரஷ்ஷோடு முணுமுணுத்ததை அவர் மகளே பார்த்தாள். பிறகு ஒரு காலையில், மூன்றாவது வீட்டு அம்மாள் மாடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"சொர்ணம், கொஞ்சம் நில்லுங்க. இதோ வந்துட்டேன்!"

நில்லு அல்ல, நில்லுங்க.

தில்லைநாயகம் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் மலையடிவாரத்துக்கு ஓடினார்.

"மாறிடுச்சும்மா!"

"பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றார் குருவம்மாள்.

கார்த்திகையில் மகள் பிரசவத்துக்காகச் சொர்ணம் லீவு போட்டார். அவர் வண்டிக்கு வேறு தெருவிலிருந்து பேச்சியம்மாள் வந்தார். பென்டிரைவ் அதேதான்.

"சொர்ணம், இங்க வாங்க!" என்றார்கள்.

"சொர்ணம், நேத்து ஏன் லேட்டு?" என்றார்கள்.

மூன்றாவது வீட்டு அம்மாள் மகளை அதட்டுவது தெரு முழுக்கக் கேட்டது.

"ஏட்டி, சொர்ணத்தை அடுப்படியில வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? நாறுது பாரு. வெளியில கொண்டு வை!"

தில்லைநாயகம் கையில் வாளியோடு அப்படியே நின்றார். வண்டி அவர் வாசலுக்கு வந்துவிட்டது. பதற்றத்தில் அவர் வாயிலும் அதுவே வந்தது.

"சொர்ணம்மா, ஒரு நிமிசம்..."

பேச்சியம்மாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"பாட்டுக் கட்டினவரு நீங்கதானா?"

"ஆமா."

"எம்பேரு பேச்சியம்மா. சொர்ணத்தக்கா பேரு சொர்ணத்தக்காவுக்கு. எனக்கு எங்கப்பன் வச்ச பேரு தனியா இருக்கு. இத்தனை வருசமும் ஏ குப்பைன்னாங்க, சரின்னு திரும்பிப் பார்த்தேன். இனிமே சொர்ணம்னாலும் திரும்பமாட்டேன், வைரம்னாலும் திரும்பமாட்டேன். பேச்சியம்மான்னு கூப்பிட்டாத்தான் வண்டி நிக்கும். சொல்லிப்புட்டேன்."

வண்டி கிளம்பிவிட்டது. 'சொர்ணம் வந்தாச்சு' என்று பாடிக்கொண்டே அடுத்த தெருவுக்குத் திரும்பியது. தில்லைநாயகத்தின் வாளி காலியாகவில்லை.

அவர் குருவம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முறத்தில் பாதிப் பூண்டு உரித்தாகியிருந்தது.

"நான் எழுதறதை விட்டுடறேம்மா. ஒண்ணுமே மாறலை. ஆளைக் குப்பைன்னு சொன்ன வாய், இப்பக் குப்பையைச் சொர்ணம்னு சொல்லுது."

குருவம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். முறம் மடியிலிருந்து சரிந்து பூண்டெல்லாம் தரையில் உருண்டது. சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரமானது. பிறகு இருவருமாக உட்கார்ந்து பொறுக்கினார்கள்.

"பேச்சியம்மா என்ன சொன்னாங்க?"

தில்லைநாயகம் ஒரு சொல் விடாமல் சொன்னார். வைரம் வரைக்கும் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி, குப்பைன்னு கூப்பிட்டப்ப என்ன சொன்னாங்களாம்?"

"ஒண்ணும் சொல்லலை. சரின்னு திரும்பிப் பார்..."

தில்லைநாயகத்தின் கை ஒரு பூண்டுப் பல்லோடு அந்தரத்தில் நின்றது.

குருவம்மாள் அதை வாங்கி முறத்தில் போட்டுக்கொண்டார்.

தில்லைநாயகம் அன்று மாலையே மேஸ்திரியைப் பார்த்து, அந்த ஊரில் குப்பை வண்டி ஓட்டுகிற எல்லாருடைய பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆளுக்கொரு பாட்டு எழுத, பேச்சியம்மாளின் பாட்டிலிருந்து ஆரம்பித்தார்.