கன்னிசாமி விட்டவை

தறிப்பட்டறைத் தெருவின் முனையில் குருசாமி நல்லதம்பிக்கு பஞ்சர் கடை. வருஷம் தவறாமல் சபரிமலை போகிறவர். அந்த வருஷம் அவர் கையால் முதல் தடவையாக மாலை போட்டுக்கொண்ட கன்னிசாமி, விசைத்தறி ஓட்டும் ரத்னவேலு. வயதில் குருசாமியைவிட மூத்தவர். மாலை போட்டுவிட்டால் எல்லாருக்கும் எல்லாரும் சாமிதான். அதனால் யார் பெரியவர் என்ற தொந்தரவு இல்லை.

ரத்னவேலு பிடிவாதக்காரர். செருப்பை விட்டார். தலையணையை விட்டார். டீயையும் விட்டார்.

"டீ குடிக்கலாம் சாமி. அய்யப்பன் கோவிச்சுக்க மாட்டாரு," என்றார் குருசாமி.

"வேணாஞ்சாமி. விடறதுன்னா முழுசா விட்டுரோணும்."

ஒரு சாயங்காலம் ரத்னவேலு வீட்டில் பஜனை நடந்தது. பாடிக்கொண்டிருந்தவருக்கு நாக்கு குழறியது. கையிலிருந்த ஜால்ரா நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது.

கூட்டம் சிலிர்த்துப் போனது. "சாமி வந்துருச்சு!"

கற்பூரத் தட்டை நீட்டினார்கள். பக்கத்து வீட்டம்மா முண்டியடித்து முன்னால் வந்தார். "சாமி, எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் கூடும்?"

ரத்னவேலு என்னவோ உளறினார்.

"தை மாசமாம்," என்று ஒருவர் விளக்கம் சொன்னார்.

குருசாமி டோலக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"சாமி, ரெண்டு கையும் தூக்கிச் சரணம் சொல்லுங்க."

இடது கை மேலே போனது. வலது கை மடியிலேயே கிடந்தது.

"பாட்டை நிறுத்துங்க. ஆட்டோவை எடுங்க."

ரத்னவேலுவின் மனைவி தெய்வானை பதறிப்போய்த் தண்ணீர் டம்ளரோடு ஓடிவந்தார். குருசாமி அதை வாங்கித் தானே குடித்துவிட்டார். "இப்ப இவருக்கு எதுவும் உள்ள போகக் கூடாது தாயி. பொரையேறிக்கும்."

"மாலை போட்டவரை பெரியாஸ்பத்திரிக்கா?" என்றது கூட்டம். "தீட்டாயிருமே சாமி. படுத்து எந்திரிச்சாச் சரியாயிரும்."

"தீட்டுன்னா குளிச்சுக்கலாம். ஏத்துங்க."

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள்.

"எப்ப ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"மூணாவது பாட்டுல," என்றார் தெய்வானை.

டாக்டர் விழித்தார். குருசாமி நேரத்தைச் சொன்னார். மூளையில் அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டார்கள்.

வார்டு நிறைந்திருந்தது. தறிக்காரர், சூளைக்காரர், லாரி டிரைவர். பாதிப்பேருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. வீட்டுக்குச் சோறு போட்ட ஒரே கை பல கட்டில்களில் அசையாமல் கிடந்தது. அடுத்த கட்டில்காரரின் மனைவி, யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். "வாத எண்ணெய் தேச்சுப் பாத்தோம். விடியட்டும்னு இருந்துட்டோம்."

குருசாமி அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு ரத்னவேலுவின் வலது கைக்குள் தன் கட்டைவிரலை வைத்தார்.

மறுநாள் மத்தியானம் அந்தக் கை விரலைப் பிடித்தது. லேசாகத்தான். பிறகு விடவில்லை.

சாயங்காலம் பேச்சும் வந்தது.

"எம் மாலை?"

"பத்திரமா இருக்கு," என்றார் தெய்வானை.

"எனக்கு வந்தது சாமி இல்லீங்களா?"

"யாரு கண்டா?" என்றார் குருசாமி. "தை மாசம்னு சொல்லிட்டீங்க. பக்கத்து வீட்டம்மா மண்டபம் பாக்கப் போயிருக்காங்க."

ரத்னவேலு சிரித்தார். வாயின் இரண்டு பக்கமும் சிரித்தன. அதைப் பார்த்துத்தான் தெய்வானை முதல் தடவையாக உட்கார்ந்தார். அழுகையும் அப்போதுதான் வந்தது.

நர்ஸ் மாத்திரைகளோடு வந்தார். "பிரஷருக்கு முன்னாடி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

ரத்னவேலு கூரையைப் பார்த்தார். "சாப்பிட்டுட்டுத்தான் இருந்தனுங்க. மாலை போட்ட அன்னைக்கு விட்டுட்டேன்."

"அடப்பாவி மனுசா!" தெய்வானை தலையில் அடித்துக்கொண்டார். "சுகாதார நிலையத்துப் புள்ள மாசாமாசம் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துச்சே! எங்க வெச்ச?"

"சாமி படத்துக்குப் பின்னால."

நர்ஸ் மாத்திரையைக் குருசாமியின் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார். ரத்னவேலு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"விரதத்துல எதையும் பாக்கி வைக்கக் கூடாதுன்னு நெனச்சேன் சாமி. அது தப்புங்களா?"

குருசாமி கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"பீடி புடிக்குமா சாமி?"

"அது உசுரு."

"ஆட்டுக்கறி?"

"கேக்கோணுமா!"

"மாத்திரை?"

"கண்டாலே ஆகாது சாமி. எப்படா தொலையும்னுதான் இருந்தேன்."

குருசாமி மாத்திரையை நீட்டினார்.

"அப்ப மத்ததையெல்லாம் விரதத்துக்கு விட்டிருக்கீங்க. இதை மட்டும் ஆசைக்கு விட்டிருக்கீங்க சாமி."