கழற்றி வைத்த மூக்குத்தி

ஆற்றுமேட்டுக் குடிசையில் இருந்த பொன்னுத்தாய்க்குச் சீடர் என்று வாய்த்தது ஒரே ஒருவர்தான். அவரும் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். பெயர் வேலப்பன். உப்பு வியாபாரம் செய்தவர், மாட்டையும் வண்டியையும் விற்றுவிட்டு ஞானம் தேடி வந்தார். வந்து என்ன பிரயோசனம்? அடுப்பில் வைத்த கஞ்சியின் மேல்கூட மனம் நிற்கவில்லை. தினமும் அடிப்பிடித்தது.

அன்றும் அடிப்பிடித்தது. பொன்னுத்தாய் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"யார் அவள்?" என்று கேட்டாள்.

வேலப்பன் மறைக்கவில்லை. சந்தைப்பேட்டையில் வடிவு என்று ஒருத்தி, உடம்பை விற்றுப் பிழைப்பவள். மனைவி இறந்த பிறகு, உப்பு இறக்கப் போகும்போதெல்லாம் அவளிடம் போவார். கதவைத் திறக்கும்போதே சிரிப்பாள். போன தடவை சொன்ன முதுகுவலியை நினைவு வைத்துக் கேட்பாள். மாடுகளைக்கூடப் பெயர் சொல்லி விசாரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே, விற்க உப்பில்லாத நாளிலும் வண்டி கட்டியிருக்கிறார். ஒருநாள் வெளியே வரும்போது, அடுத்து வந்தவனையும் அவள் அதே சிரிப்போடு அழைத்தாள். அன்றோடு போவதை நிறுத்தினார். நினைப்பைத்தான் நிறுத்த முடியவில்லை.

"தாயே, உப்பில் மணலைக் கலந்து விற்றால் சந்தையில் முதுகுத்தோலை உரித்துவிடுவார்கள். அந்தத் தொழிலுக்கு மட்டும் முறை, நேர்மை எதுவும் வேண்டாமா?"

"ஏதாவது வாக்குக் கொடுத்தாளா?"

இல்லை என்றார். இவர்தான் கெஞ்சியிருக்கிறார். என்மேல் ஆசை என்று ஒரு வார்த்தை சொல் என்று கேட்டதற்கு, அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள். இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. ஆள் வந்தால், கதவைத் திறக்கும் முன்பே மூக்குத்தியைக் கழற்றி விளக்கு மாடத்தில் வைத்துவிடுவாள். அது அம்மா போட்டுவிட்டது, தொழிலுக்கு வராது என்பாள். அத்தனை வருஷத்தில் அவர் அதை மாடத்தில்தான் பார்த்திருக்கிறார்.

"பிறகு உமக்கு என்னதான் வேண்டும்?"

"அந்தச் சிரிப்பில் எனக்கென்று ஒரு கல் உப்பளவாவது இருந்ததா தாயே? அது தெரிந்தால் போதும்."

"போய்ப் பார்த்துவிட்டு வாரும். ராத்திரிக் கஞ்சியாவது பிழைக்கட்டும்."

போனவர் பொழுது சாயும்போது திரும்பினார். முகம் வீங்கியிருந்தது. அவரே சொன்னார்.

நடுப்பகலில் போய்ச் சேர்ந்தாராம். வடிவு வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இத்தனை நாள் எங்கே போய்த் தொலைந்தீர்கள்? மனுஷன் சோறு தின்கிறதா இல்லையா? இப்படியா இளைத்துப் போவது?" என்று திட்டினாள்.

செம்பில் தண்ணீர் கொடுத்தாள். மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள். புடைத்துக்கொண்டே தன் கைவலியைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தாள். வலது மணிக்கட்டாம், ராத்திரியில் தூங்க விடுவதில்லையாம். இதைக் கேட்கவா வெயிலில் ஆறு தாண்டி வந்தோம், இந்த முகத்துக்கா இப்படி ஏங்கினோம் என்று வேலப்பனுக்கு இருந்தது. மடியிலிருந்த பணத்தை எடுத்து முறத்தின் ஓரத்தில் வைத்தார்.

"அவள் பணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் தாயே. பிறகு எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அதே சிரிப்பு! மாடுகள் எப்படி இருக்கின்றன என்று பெயர் சொல்லிக் கேட்டாள். முதுகுவலியையும் மறக்கவில்லை. ஒரு குறை சொல்ல முடியாது."

"அதைத்தானே கேட்டீர், அந்தத் தொழிலுக்கு முறை உண்டா என்று?"

"உண்டு தாயே. பிறகு ஏன் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்?"

பொன்னுத்தாய் அடுப்பில் ஒரு சுள்ளியைச் செருகினாள்.

"உம்மைத் திட்டினாளே, அப்போது மூக்குத்தி எங்கே இருந்தது?"

வேலப்பன் யோசித்தார். நடுப்பகல் வெயிலில் ஏதோ ஒன்று பளிச்சென்று மின்னியது நினைவுக்கு வந்தது.

"மூக்கில்."

"சிரித்தபோது?"

அவர் ஆற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். குருதான் கஞ்சியைக் கிண்டினாள், குருதான் இறக்கினாள். இருட்டிய பிறகுதான் அவர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவை போனால் திட்டுவாளா தாயே?"

"எனக்கென்ன தெரியும்? கதவைத் திறந்து சிரித்தாள் என்றால், வாசலோடு திரும்பிவிடும்."